பொம்மை தேடும் பயணம் – 4: கண்டியில் கோமோரா

கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தக் கடைகளின் பரண்களைக் குடைந்தும் ஒன்றும் அகப்படவில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். "மலைக்குப் போங்க, கண்டியில பழைய கடைகள் இருக்கு" என்று அங்கே ஒருவர் சொன்ன வாக்கை நம்பி ரயிலேறினேன். இந்த வாரம்தான் தொடரைப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தேடுவது 1960களிலும் 70களிலும் ஜப்பானில் வந்த ராட்சத மிருகப் பொம்மைகளை. மெல்லிய வினைலில் வார்த்து உள்ளே கூடாக விட்டிருப்பார்கள். கழுத்து, கை, கால் எல்லாம் திருகினால் திரும்பும். 'சோஃபுபி' என்பது அவற்றின் செல்லப்பெயர். காட்ஸில்லா, அல்ட்ராமேன், அல்ட்ராமேனிடம் வாரம் ஒன்றாக உதைபடும் மிருகங்கள் என்று இதில் ஒரு பெரும் பரம்பரையே இருக்கிறது.

கண்டியில் கொழும்பு வீதி, திருகோணமலை வீதி, மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றியுள்ள சந்துகள் என்று ஏறி இறங்கினேன். விளையாட்டுச் சாமான் கடைகளுக்குக் குறைவில்லை. எல்லாம் சீனாவின் மின்கல ரோபோக்கள், ஸ்பைடர்மேன்கள், நெஞ்சில் விளக்கு எரிந்து இரண்டு நாளில் அணையும் வகை. ஒரு கடையில் வயதான நானா ஒருவர் என் கைபேசியிலிருந்த படங்களைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "இது எந்த வருசத்துச் சாமான்?" என்றார். அறுபத்தாறிலிருந்து எழுபத்தேழு வரை என்றேன். சிரித்துவிட்டார். "அந்தக் காலத்துல நாங்க பாணுக்குக் கியூவில நின்டோம் தம்பி. ஜப்பான் பொம்மை எங்கால வரும்?"

அவர் சிரித்ததில் ஒரு முழு வரலாறு இருக்கிறது. ஜப்பானில் மருசான் என்ற நிறுவனம் இந்த மிருகங்களை வினைலில் வார்த்து விற்கத் தொடங்கியது 1966-ல், தொலைக்காட்சியில் 'அல்ட்ரா கியூ'வும் 'அல்ட்ராமேன்'னும் வந்த அதே ஆண்டில். மருசான் நொடித்துப்போக, அங்கிருந்து வந்தவர்கள் 1969-ல் புல்மார்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பழைய அச்சுகளையும் வாங்கிக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். புல்மார்க் திவாலானது 1977-ல். இலங்கையின் பக்கம் பாருங்கள். 1970-ல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. பாணுக்கும் துணிக்கும் தட்டுப்பாடு இருந்த நாட்டில் வினைல் டைனோசருக்கு யார் அந்நியச் செலாவணி தருவார்? 1977-ல் ஆட்சி மாறிச் சந்தை திறந்தபோது, ஜப்பானில் புல்மார்க் கடையைக் கட்டிவிட்டது. அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி ஜப்பானிய உதவியோடு ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பிப்ரவரியில். பொம்மை வரவேண்டிய காலத்தில் கதவு சாத்தியிருந்தது. கதவு திறந்தபோது பொம்மை செய்தவர்களே இல்லை. இனி இந்தத் தீவில் யார் வீட்டுப் பரணிலும் புல்மார்க் காட்ஸில்லா கிடைக்கும் என்று நான் நம்பப்போவதில்லை.

அப்படியானால் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ராட்சதர்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் வந்து இறங்கியிருக்கிறேன், எப்படித் திரும்புவது!

ஏரிக்கரையில் 1882-லேயே தொடங்கிய கண்டிய கலைச் சங்கத்தின் விற்பனைக்கூடம் இருக்கிறது. அதைச் சுற்றியும் நினைவுப்பொருள் கடைகள். சுவர் முழுக்க முகமூடிகள். தலையில் நாகங்கள் படமெடுக்கும் நாக ராக்ஷ, கருடனின் அலகோடு குருலு ராக்ஷ, மயில் விரிந்த மயூர ராக்ஷ. விழி பிதுங்கி, பல் துருத்தி, கதுரு என்ற இலேசான மரத்தில் குடைந்தவை. இவை மலைநாட்டுச் சரக்கில்லை. அம்பலாங்கொடைப் பக்கத்துக் கடற்கரையில் செதுக்கிக் கண்டிக்கு ஏற்றி வருகிறார்கள். ஒரே நாக ராக்ஷ சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று. ஜப்பானில் இன்றைக்குச் சிறு பட்டறைக்காரர்கள் ஒரே அச்சில் வார்த்த மிருகத்தை நிறம் மாற்றி மாற்றி வெளியிட, சேகரிப்பவர்கள் கடைவாசலில் வரிசை கட்டுகிறார்கள். அந்த வித்தை இங்கேயும் தெரிந்துதான் இருக்கிறது. புகையூட்டிப் பழசாக்கிய முகமூடிக்கு இரட்டை விலை சொன்ன கடையில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

தென்கரையின் சன்னிச் சடங்கில் நோய்க்கு ஒரு பேய் என்று பதினெட்டுப் பேய்கள் ஆடும். குருடு, செவிடு, முடம், ஊமை என்று ஒவ்வொரு முகமூடியும் தன் நோயைத் தானே அணிந்திருக்கும். அந்தப் பட்டியல் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சில பட்டியல்களில் தெமள சன்னி என்று ஒருவர் வருவார். தமிழ்ப் பேய்! கெட்ட கனவு அவர் இலாகா. கடைக்காரரிடம் அவரைக் கேட்டேன். இல்லை என்றார். விற்பனையாகாதாம். நானே தமிழன், வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, "நீங்க ஒருத்தர்தான் கேட்டிருக்கீங்க" என்று பதில் வந்தது.

பழைய புல்மார்க் பொம்மைக்கு இன்று ஏலத்தில் தலைசுற்றும் விலை ஏன் என்றால், வாங்கிய பிள்ளைகள் அதைக் குளியலறையிலும் மணலிலும் போட்டு உடைத்துத் தீர்த்தார்கள். உடைபடாமல் தப்பியது கொஞ்சம். நினைவுப்பொருள் முகமூடியை யாரும் அணிவதில்லை, யாரும் உடைப்பதில்லை. வரவேற்பறைச் சுவரில் ஆணியில் தொங்கியே காலம் தள்ளும். அது அரிய பொருளாக ஒருநாளும் ஆகாது என்பது என் கணிப்பு. இதே மலைநாட்டில் பலி என்றொரு சாந்திச் சடங்கு உண்டு. மூங்கில் சட்டத்தில் களிமண் அப்பிக் கிரக தேவதைகளை ஆளுயரத்துக்கு வடித்து, நிறம் தீட்டி, இரவு முழுக்கப் பறை கொட்டி ஆடுவார்கள். விடிந்ததும் அத்தனையும் கலைத்துவிடுவார்கள். சேகரிக்கவே முடியாத ராட்சதர்கள். என் போன்றவர்களின் வயிற்றெரிச்சலைக் கேட்க வேண்டாம்.

மறுநாள் உடுநுவரைப் பக்கம் லங்காதிலகக் கோவில். 1344-ல், நான்காம் புவனேகபாகு காலத்தில், சேனாலங்காதிகார என்ற அமைச்சர் பாறைமேல் எழுப்பியது. கட்டியவர் தென்னிந்தியச் சிற்பி, ஸ்தபதி ராயர். அங்குள்ள பாறைக் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. புத்தருக்கு மேலே மகர தோரணம். அந்த மகரத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் கணக்கு விளங்கும். யானையின் துதிக்கை, முதலையின் பல், பன்றியின் காது, சிங்கத்தின் கால், மீனின் உடல், மயிலின் வால். ஆறு உயிர்களைக் கழற்றி ஒன்றாகப் பூட்டியிருக்கிறார்கள், ஒட்டுவாய் எங்கேயும் தெரியவில்லை.

அல்ட்ராமேனுக்கு மிருகங்களை வரைந்த நரித்தா தோரு (1929–2002) படித்தது சிற்பம். தனக்கென்று மூன்று விதிகள் வைத்திருந்தார். இருக்கிற விலங்கை அப்படியே ஊதிப் பெரிதாக்கக் கூடாது. (அங்கங்களைப் பிரித்துச் சேர்க்கலாம், ஆனால் கிடைப்பது புது உருவமாக இருக்க வேண்டும்.) இரண்டு தலை, நாலைந்து கை என்று பேயுரு கட்டக் கூடாது. உடல் சிதைவும் இரத்தமும் வேண்டாம். பார்க்கப்போவது குழந்தைகள். அவர் வரைந்ததைத் தகாயாமா ரியோசாகு என்பவர் உடுப்பாகச் செய்தார். பணம் இல்லாதபோது கழற்றிப் பூட்டுவது இன்னும் நேரடியாகவே நடந்தது. 1965-ல் பாரகன் என்ற மிருகத்துக்குத் தைத்த ஒரே உடுப்பு, தலையும் கொம்பும் மாறி, பாகோஸ், நெரோங்கா, மாகுலா, காபோரா என்று அடுத்தடுத்து வேறு வேறு மிருகமாக நடித்தது. காட்ஸில்லா உடுப்பின் கழுத்தில் ஒரு விசிறி மாட்டி ஜிராஸ் என்றார்கள். ராயரின் மகரம் நரித்தாவின் விதியில் தேறிவிடும். பக்கத்திலிருக்கும் எம்பக்க தேவாலயத்து மரத்தூணில் செதுக்கியிருக்கும் இருதலைப் பட்சியை அவர் முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பார். எனக்கோ அந்தப் பட்சிதான் பிடித்தது. மூன்றாம் விக்கிரமபாகு காலத்துத் தூண், இரண்டு அலகும் இரண்டு திசையில், ஒரே மார்பு. விதியை மீறினாலும் அழகாக மீறியிருக்கிறார்கள்.

லங்காதிலகத்தின் வெளிச்சுற்றுக் கருவறைகளில் கணபதி இருக்கிறார், கந்தன் இருக்கிறார், விபீஷணனும் இருக்கிறார். அரக்கர் குலத்தவனுக்குப் பூவும் விளக்கும் வைத்துக் கும்பிடும் நாட்டில் நான் வினைல் அரக்கனைத் தேடி வந்திருக்கிறேன்.

அன்று கூட்டிப்போன திரீவீலர் தம்பி தோட்டத்துப் பிள்ளை, சிங்களமும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவான். அவனோடுதான் அடுத்து மாத்தளைக்கு அருகே ஹப்புவிட கிராமத்துக்குப் போனேன். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அலவத்துகொடை என்று ஏ9 வழியாகப் போகிற பாதை. ஹப்புவிடவில் தலைமுறையாக அரக்கு வேலை. கண்டிய அரக்கில் இரண்டு வகை. கடைசலில் சுற்றும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தி, உரசும் சூட்டில் உருக்கிப் பூசுவது ஒன்று. கைநகத்தால் இழை வைப்பது மற்றொன்று. ஹப்புவிடக்காரர்களின் பெயர் இரண்டாவதில். ஆனந்த குமாரசுவாமி 1908-ல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்று 425 பிரதிகள் மட்டும் அச்சிட்ட நூலில் இந்த வேலையை விவரித்திருக்கிறார். கொழும்புத் தமிழர் முத்துக்குமாரசுவாமியின் மகன், நிலவியல் படித்துக் கனிம ஆய்வுக்கு அதிகாரியாக வந்தவர், மண்ணையும் கல்லையும் பார்க்கப் போன இடத்தில் கைவினைஞர்களைப் பார்த்துவிட்டார்.

திண்ணையில் ஒரு பெரியவர். முன்னால் சட்டியில் கரி நெருப்பு. அரக்குக் கட்டியைக் குச்சியில் சுற்றி அனலில் காட்டுகிறார். இளகியதும் இழுக்கிறார், மடிக்கிறார், தட்டுகிறார், மறுபடி இழுக்கிறார். சிவப்பு நிறப்பொடி அந்த இழுப்பில்தான் உள்ளே கலக்கிறது. கடைசியில் ஒரு நுனியைப் பிடித்து வெடுக்கென்று நீட்டினார். நூல் தடிமனுக்கு, முழங்கையைத் தாண்டி, அறுபடாமல் வந்தது. கைத்தடி ஒன்றை அனலில் லேசாகக் காட்டி, அந்த இழையை அதன்மேல் வளைத்துப் பதித்து, வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் நறுக்கினார். மேலே தாளிப்பனை ஓலையால் ஒரு தேய்ப்பு. மினுங்கியது.

என் பையில் எப்போதும் ஒரு கோமோரா இருக்கும், அல்ட்ராமேனிடம் உதைபடும் மிருகங்களில் ஒன்று. பண்டாய் வெளியிட்ட பழுப்பு நிறச் சிறிய பொம்மை, விலை அதிகமில்லை, பேச்சைத் தொடங்க உதவும். எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் கொம்பைத் தொட்டார், கழுத்தைத் திருகினார், மூட்டைக் காதருகே வைத்து அசைத்துப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"அண்ணே, இதுவும் அரக்கானு கேக்குறாரு" என்றான் தம்பி.

இல்லை என்று செய்முறையைச் சொல்லச் சொன்னேன். முதலில் களிமண்ணில் உருவம். அதை மெழுகில் எடுத்து, மெழுகின்மேல் மின்முலாமாகச் செம்பைப் படியவிட்டால் அச்சு. அச்சுக்குள் திரவ வினைலை ஊற்றிக் கொதிக்கும் எண்ணெயில் முக்கினால், சுவரோரம் மட்டும் இறுகும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு மறுபடி சூடாக்க வேண்டும். பிறகு சூடு தணியுமுன் குறடால் பிடித்து, குறுகிய வாய் வழியாகத் தலையை முழுதாக உருவி எடுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் வராது, ஒரு நொடி முந்தினால் கிழியும்.

தம்பி இதையெல்லாம் கையசைத்துச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நடுவில் எண்ணெய்க்குப் பதிலாக ஏதோ தேங்காயெண்ணெய் என்று சொல்லிவிட்டான் போலிருக்கிறது, பெரியவர் மூக்கைச் சுளித்தார். ஆனால் குறடால் உருவும் இடம் வந்ததும் அவர் தலையாட்டி, தன் வலதுகைக் கட்டைவிரலை எங்களிடம் காட்டினார். நகத்துக்குக் கீழே வரிசையாகப் பழைய சூட்டுத் தழும்புகள். அந்த ஒரு விஷயத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இத்தனைக்கும் அவர் காட்ஸில்லா படம் பார்த்தவரில்லை.

கைத்தடி வாங்க என்னிடம் பெட்டி இடமில்லை. ஒரு சின்ன அரக்குச் செப்பு வாங்கினேன், பேரம் பேசவில்லை. மகர முகம் போட்டது இருக்கிறதா என்று கேட்டதற்கு, ஆர்டர் கொடுத்தால் செய்யலாம், கொடியும் பூவும்தான் போகிறது என்றார். தெமள சன்னிக்கு வந்த பதில்தான் மகரத்துக்கும்.

அடுத்த வாரம் நுவரெலியா பாதையில் ரம்பொடை. அங்கே மலைமேல் சின்மயா மிஷன் எழுப்பிய பெரிய அனுமன் இருக்கிறார். அனுமனுக்கும் இந்தத் தொடருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பவர்களுக்கு: ஜப்பானின் சுபுராயா நிறுவனமும் தாய்லாந்தின் சாயோ நிறுவனமும் 1974-ல் சேர்ந்து எடுத்த படத்தில் அல்ட்ராமேன் சகோதரர்களோடு அனுமனும் சண்டைக்கு இறங்குகிறார். எதிரிப் படைக்குத் தலைமை கோமோரா. அடி என்றால் அப்படி ஓர் அடி. அந்தப் படத்தால் பின்னாளில் இரண்டு நிறுவனங்களும் நாடு நாடாக வழக்காடியதையும், அனுமன் வினைலில் வந்ததா என்ற கேள்வியையும் அங்கேபோய் எழுதுகிறேன். இப்போதைக்குக் கோமோராவைப் பையின் அடியில், துணிகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். மலை ஏறுமுன் அவரை வெளியே எடுப்பதாக இல்லை.