ஓட்டம் நின்ற பிறகு

கண்ணமங்கலத்தை ஒட்டிய ஒரு காலனியில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறேன். அங்கே வருகிற ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்த வருடம் குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் முதலாவதாக வந்தாள். சேதி சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலேயே கேட்டார்: "இவ ஓடி என்னா ஆவப் போறா மேடம்? ஓட்டம் நின்னுட்டா அப்புறம் என்னா?"

சமூகவியல் முதுகலையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதிலாக என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெயர்தான், சாந்தி சௌந்தரராஜன். அந்தப் பெயரையும் சட்டென்று சொல்லிவிட முடியவில்லை. அவர் கதையில் எந்தப் பாதியை ஒரு தாயிடம் சொல்வது?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளைத் தொழிலாளிகள். தலித் குடும்பம். தாத்தாதான் முதலில் ஓடக் கற்றுக்கொடுத்தார். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மீண்டும் வெள்ளி. எனக்கு அப்போது 18 வயது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு டிவி முன்னால் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம். "நம்ம பொண்ணு" என்று யாரோ சொன்னார்கள். எந்த 'நம்ம' என்று அங்கே யாரும் விளக்கம் கேட்கவில்லை.

சில நாட்களில் அதே டிவியில் வேறு செய்தி வந்தது. போட்டிக்குப் பிறகு அவருக்குப் பாலினப் பரிசோதனை நடத்தி, அதில் அவர் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். பிறப்பிலேயே அமைந்த உடற்கூறு அது. ஊக்க மருந்தும் இல்லை, பொய்யும் இல்லை. ஆனாலும் ஒரு மருத்துவ அறிக்கை ஊர் ஊராக டீக்கடைப் பேச்சாக ஆனது. எங்கள் தெருவிலும் பேசினார்கள். நானும் சிரித்த ஒரு பேச்சு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது, அதை இங்கே எழுத முடியாது.

அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். சாந்தி ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். பறிகொடுத்தவர் முதலில் செய்த வேலை இன்னொருவருக்கு ஓடச் சொல்லிக்கொடுத்ததுதான். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒப்பந்தப் பயிற்சியாளராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடக்கவில்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் செய்தி வந்தது. நாள் கூலி 200 ரூபாய். நாடு அப்போதுதான் வெட்கப்பட்டது.

அதன் பிறகு பெங்களூருவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்து முடித்தார். அதற்கும் பிறகு வேலைக்காக மனு, அலைச்சல், போராட்டம். 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. தோஹாவில் இருந்து எண்ணினால் 10 ஆண்டுகள்.

விளையாட விடுவது ஒன்று, சொல்லிக்கொடுக்கும் இடத்தில் உட்கார விடுவது வேறு. பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். பூனாவில் அவருக்குத் தேநீர் மட்டும் வெளியே மண்குவளையில் வந்தது. பந்து போடக் கூப்பிட்டவர்கள் கேப்டன் பதவியைக் கொடுக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு அது 1923இல்தான் கிடைத்தது.

அமெரிக்க பேஸ்பாலிலும் இதே கதைதான். 1947இல் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்தார். அணியை நடத்துபவரை அங்கே மேனேஜர் என்பார்கள். அந்த இடத்தில் ஒரு கறுப்பரைப் பார்க்க வேண்டும் என்று 1972 அக்டோபரில் மைதானத்தில் நின்று சொன்ன ராபின்சன் ஒன்பதே நாளில் இறந்துபோனார். 1975இல் ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லாந்து அணியின் மேனேஜரானார். ஆட்டக்காரராகவும் இருந்ததால் முதல் ஆட்டத்தில் தன் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார். ஜாக்கி நுழைந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. கால் வேண்டும், கை வேண்டும், ஆனால் யார் ஓடுவது என்று முடிவு செய்யும் வாய் மட்டும் வேண்டாம்.

எங்கள் ஆரணிப் பக்கத்துப் பட்டுத் தறியிலும் இதைப் பார்த்தே வளர்ந்தேன். என் அப்பா கூலிக்கு நெய்தவர். பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார், டிசைனும் அவரே சொல்வார். கரையில் எந்த நிறம் எடுக்கும் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். கேட்கத்தான் யாரும் இல்லை.

சாந்திக்குக் கிடைத்த வேலையை உதவி என்றோ கருணை என்றோ எழுதுகிறவர்களோடு எனக்கு அதனால்தான் சண்டை. அந்த இடத்தில் அவர் இருப்பதால் மாறும் விஷயங்கள் உண்டு. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் ஓடுகிறவர்களுக்கு மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது. உலகப் போட்டி அளவில்தான், தெரியும். ஆனால் அங்கே போய்ச் சேரும் பெண் எந்தக் காலனியில் இருந்தும் கிளம்பலாம். அவளை உட்காரவைத்து, என்ன நடக்கும், எந்தத் தாளில் கையெழுத்துப் போடலாம், எதைக் கேள்வி கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்ல யார் இருக்கிறார்கள்? சாந்தியிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. 2009இல் காஸ்டர் செமன்யாவைச் சந்தேகித்தபோது தென்னாப்பிரிக்கா அவர் பக்கம் நின்றது, அவர் தங்கம் அவரிடமே இருந்தது. டூட்டி சந்த் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் 2015இல் அந்த விதியையே நிறுத்திவைக்க வைத்தார். அவருக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். 2006இல் கத்தக்குறிச்சிக்கு யாரும் வரவில்லை.

இதில் பாதியைத்தான் அந்த அம்மாவிடம் சொன்னேன். பரிசோதனை பற்றி முதலில் சொல்லாமல் விட்டேன். பிறகு மனசு கேட்காமல் அதையும் சொன்னேன். பெண் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவுக்கு இப்ப சர்க்கார் வேலையா?"

"ஆமாங்க. 2016ல குடுத்தாங்க."

"பதக்கத்த?"

"அத இன்னும் திருப்பிக் குடுக்கல."

தார் சுற்றும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு மகளைத் திரும்பிப் பார்த்து, "ஷூ என்னா வெல ஆவும்னு மேடத்துகிட்ட கேளு" என்றார்.