நல்ல தண்ணீர்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் கிணறுகள் இரு வகை. ஒன்று நல்ல தண்ணீர்க் கிணறு. மற்றொன்று உப்புத் தண்ணீர்க் கிணறு. பருப்பு வேகுமா, சோப்பு நுரைக்குமா என்பதே அவற்றைப் பிரித்தறியும் சோதனை. அந்த அளவுகோலை மூட்டை முடிச்சுகளோடு கொல்கத்தாவுக்கும் கொண்டுவந்துவிட்டோம். டாக்குரியாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரே வருகிறது. வாளியெல்லாம் செம்பழுப்புக் கறை. பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்புப் படலம். ஆகவே, மைய அரசு எழுத்தரின் ஊதியத்தில் தவணை கட்டி வாங்கிய ஆர்.ஓ. வடிகட்டியைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாகப் போற்றி வருகிறோம்.

எங்கள் மகள் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றமைக்குப் பரிசாக ஒரு ஞாயிறன்று பாக்பஜாரை ஒட்டிய காலிஃப் தெருச் சந்தைக்குச் சென்றோம். பறவைகளும் செடிகளும் வண்ண மீன்களும் நிறைந்த அச்சந்தையில் அவள் மனம் எதிலும் ஒட்டாமல், ஒரு பையில் துள்ளிக்கொண்டிருந்த செர்ரி இறால்களில் போய் நின்றது. விரற்கடையினும் சற்றே பெரிய, குங்குமச் சிவப்பு உயிர்கள். பன்னிரண்டு வாங்கினோம். அண்டை வீட்டு வங்க நண்பர் தொட்டியைக் குனிந்து பார்த்து, "தாதா, பூசணிக்காயோடா, தேங்காய்ப்பாலோடா?" என்று கேட்டார். சிரித்தோம்.

சிரிப்பு மூன்று வாரமே நீடித்தது. விருந்தினருக்குச் சிறந்ததையே அளிக்க வேண்டும் என்றெண்ணி, தொட்டியை வடிகட்டிய நீராலேயே நிரப்பியிருந்தோம். ஒரு காலை ஓர் இறால் கவிழ்ந்து கிடந்தது. தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையே, நூல் கட்டினாற்போல் ஒரு வெள்ளை வளையம். மறுநாள் இன்னொன்று. அலுவலகப் பதிவேடு போலக் கோடிட்ட குறிப்பேட்டில் மகள் நாளும் எண்ணிக்கையும் எழுதி வந்தாள். எட்டாவது பதிவோடு எழுதுவதை நிறுத்திவிட்டாள். எஞ்சியவற்றையேனும் ஏரியில் விட்டுவிடலாம் என்று அழுதாள். முன்பு டாக்குரியா ஏரி என்றும் 1958 முதல் இரவீந்திர சரோவர் என்றும் வழங்கும் அந்நீர்நிலை எங்கள் நடைத்தொலைவில்தான் இருக்கிறது. அயல்நாட்டு உயிரை அங்கு விடலாகாது என்று மறுத்தோம். அவள் எங்களோடு இரண்டு நாள் பேசவில்லை.

பின்னரே படித்துத் தெரிந்துகொண்டோம். இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியது பூணும். அவ்வோட்டை இறுக்குவது சுண்ணாம்புச் சத்து. அதனையும் மெக்னீசியத்தையும் இறால் உணவிலிருந்து மட்டுமன்றி, தான் வாழும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நாங்கள் ஊற்றிய நீரிலோ அவை ஏறக்குறைய இல்லை. ஓடு முதுகுப்புறம் பிளந்து கழன்று விழாமல் சுற்றிலும் விரிந்து நிற்பதே அவ்வெள்ளை வளையம். பாத்திரத்தின் அடியில் நாங்கள் சுரண்டி எறிந்த பொருளுக்காக அவை ஏங்கிச் செத்திருக்கின்றன!

அப்படியானால் குழாய்க் கிணற்று நீரையே ஊற்றலாமே என்று கேட்பீர்கள். அதில் இரும்பு மிகுதி. வேறென்ன கரைந்திருக்கிறதோ, அறியோம். கரைபொருள் மானி எண்ணை மட்டும் காட்டும். அது சுண்ணாம்பா, சமையல் உப்பா என்று சொல்லாது. எனவே வடிகட்டிய நீரிலேயே இறாலுக்கென விற்கும் தாதுப்பொடியைக் கலப்பது எனத் தீர்மானித்தோம். செர்ரி இறாலுக்குப் பொதுக் கடினத்தன்மை 6 முதல் 8 ஜெர்மன் பாகை வேண்டும். ஒரு பாகை என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். (தேனீ இறால் என்னும் வகைக்கு 4 முதல் 6 பாகையே போதும், கார்பனேட் கடினத்தன்மை அதற்கு மிகக் குறைவாகவே இருக்க வேண்டும்.) பொடியை நேரே தொட்டியில் தூவலாகாது. வாளியில் கரைத்து, சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் சொட்டை எண்ணிய பிறகே, பழைய நீரில் பத்தில் ஒரு பங்கை மாற்றுகிறோம். பறவைக் கூண்டில் தொங்கவிடும் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றும் மூலையில் கிடக்கிறது. கலக்கும் நீரைச் செம்புக் குடத்தில் வைத்தால் தூய்மை கூடும் என்று ஊரிலிருந்து வந்திருந்த அத்தை சொன்னார். செம்பு இறாலுக்கு நஞ்சு என்று விளக்கியும் அவர் நம்பவில்லை. குடத்தைப் பரண்மேல் ஏற்றினோம்.

எஞ்சிய நான்கில் ஒன்று ஒரு மாதம் கழித்து வயிற்றடியில் மஞ்சள் முட்டைகளைச் சுமந்தது. மூன்று வாரம் கடந்து, பாசியின் இடுக்கில் எறும்பினும் சிறிய குஞ்சுகளைக் கண்டாள் மகள். குறிப்பேடு மீண்டும் திறந்தது. இறப்புக்கு எதிரே பிறப்பு என்றொரு பத்தி கோடிட்டிருக்கிறாள். எண்ண முடியாததால் அதில் "பல" என்று எழுதியிருக்கிறாள்.

இப்போது சித்திரை. நீரின் வெப்பம் நண்பகலில் 31 பாகையைத் தொடுகிறது. இதற்குப் பொடி ஏதும் இல்லை. தொட்டியின் மூடியைக் கழற்றி, சிறு மின்விசிறியை நீரின்மேல் வீசவிட்டிருக்கிறோம். ஆவியாகும் நீருக்கு ஈடாக மட்டும் தாதுக் கலக்காத வெறும் வடிகட்டிய நீரை ஊற்றுகிறோம். உப்பு ஆவியாவதில்லை அன்றோ. மின்சாரம் நின்ற பிற்பகல்களில் மகளே விசிறிமட்டையோடு உட்கார்ந்துவிடுகிறாள்.