பி.டி. பீரியடு

மதுரை. மார்ச் மாதம். காலை பதினொரு மணி. செருப்பில்லாமல் இறங்க முடியாத வெயில்.

அரசு மருத்துவமனையின் உள்ளே டியூப் லைட் எரிகிறது. குழந்தைகளுக்கான சர்க்கரை நோய் ஓ.பி. பெஞ்சு முழுக்க அம்மாக்கள். மடியில் வயர்கூடை. கூடைக்குள் பிளாஸ்க். பிளாஸ்க்கில் ஐஸ்கட்டி, பாலித்தீன் பையில் சுற்றிய இன்சுலின் குப்பி. ஓரமாகச் சிவப்பு மூடி சிரிஞ்சுகள்.

எட்டு வயதுப் பெண். டைப் 1. யாரும் கேட்பதற்கு முன்பே மோதிர விரலை நீட்டுகிறாள். நுனியில் குத்தினால் வலிக்கும். விரலை லேசாகத் திருப்பி ஓரத்தைக் காட்டுகிறாள். ஒரு சொட்டு. மீட்டரில் 214. அம்மா நோட்டில் எழுதுகிறாள்.

கட்டம் போட்ட நோட்டு. காலை, மதியம், இரவு. எல்லாம் நீல மை. ஒரே ஒரு இடத்தில் சிவப்பு: "58. மயக்கம். பி.டி. பீரியடு." கணக்கு பீரியடில் மயக்கம் வந்ததாகக் குறிப்பு இல்லை.

டாக்டரம்மா இன்னொரு தாளைப் பார்க்கிறார். வைட்டமின் டி 9. பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது: 20-க்கு மேல் இருக்க வேண்டும்.

"வெயில்ல விளையாடுவியா?"

பெண் அம்மாவைப் பார்க்கிறாள்.

"ஓடுனா சுகர் இறங்கிடுது மேடம். பி.டி. பீரியடுல கிளாஸ்லயே உக்கார வைக்கச் சொல்லிட்டேன். ஆனா வேன்ல ஜன்னலோரந்தான். நல்லா வெயில் படும்."

"கண்ணாடி ஏத்தியிருக்குமா?"

"தூசி வருதுல்ல மேடம்."

"கண்ணாடி வெளிச்சத்த விடும்மா. நமக்கு வேண்டியத விடாது."

இரண்டு சீட்டு எழுதுகிறார். முதலாவது மருந்துக்கு: வைட்டமின் டி பவுடர், 60,000 யூனிட், வாரம் ஒன்று, பாலில், ஆறு வாரம். இரண்டாவது பி.டி. சாருக்கு: விளையாடும் முன் சுகர் பார்க்கவும், 90-க்குக் கீழே இருந்தால் குளுக்கோஸ் கொடுத்து, ஏறிய பிறகு விளையாட விடவும்.

முதல் சீட்டு பர்சுக்குள் போகிறது. இரண்டாவதை அம்மா இரண்டு முறை படிக்கிறாள். மடித்துக் கையிலேயே வைத்துக்கொள்கிறாள்.

வெளியே மருந்துக்கடை. பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிறாள்.

"இதுல சர்க்கரை போட்டிருக்கே. சுகர் ஃப்ரீ இல்லையா?"

இருக்கிறது. கடைக்காரர் மாற்றித் தருகிறார்.

ஓ.பி.யில் அடுத்த டோக்கன். பத்து வயதுப் பையன். வைட்டமின் டி 11. பி.டி. பீரியடில் அவனுக்கு நிரந்தர வேலை: மற்ற பையன்களின் வாட்டர் பாட்டிலுக்குக் காவல்.