பசி டானிக்கும் மல்லாட்டையும்

"சார், புள்ள சாப்பிடவே மாட்டேங்குது. பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் குடுங்க." விழுப்புரம், திண்டிவனம் பக்கம் குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது.

நல்ல மருத்துவர் உடனே பேனாவை எடுப்பதில்லை. எடை, உயரம் பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார். ஒரே ஒரு புள்ளியால் பெரிதாக எதுவும் தெரியாது. மாதா மாதம் வைத்த புள்ளிகளைச் சேர்த்தால்தான் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று தெரியும். அங்கன்வாடியில் எடை போட்ட அட்டை இருந்தால் அதையும் கொண்டுபோவது நல்லது.

பிறந்த எடை சுமார் 5 மாதத்தில் இரு மடங்காகிறது, 1 வயதில் மூன்று மடங்காகிறது. அதன் பிறகு வேகம் குறைந்து, 2 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கிலோதான் கூடும். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையத்தானே செய்யும்? இது நோயே அல்ல. (பாட்டிகளை நம்ப வைப்பதுதான் கஷ்டம்!)

கோடு படுத்திருந்தால் கதை வேறு. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால், பிஸ்கட் எந்த நேரத்தில் என்று மருத்துவர் துருவிக் கேட்க வேண்டும். பால் மட்டுமே வயிற்றை நிரப்பினால் இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வரும். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் குறையும். இதற்கு டானிக் என்ன செய்யும்? பசி டானிக்குகள் பலவற்றில் இருக்கும் சைப்ரோஹெப்டடின் உண்மையில் அலர்ஜி மருந்து. குழந்தைக்குத் தூக்கம் வரும், மருந்தை நிறுத்தினால் பசி பழைய நிலைக்கே போய்விடும்.

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இத்தகைய குழந்தைகளுக்காக 1996-இல் பிரான்சில் ஆந்த்ரே பிரியாங் என்ற குழந்தை மருத்துவரும் மிஷேல் லெஸ்கானும் உருவாக்கிய பசையில் முக்கியப் பொருள் என்ன தெரியுமா? நம்ம ஊர் மல்லாட்டைதான்! கூடவே பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்று தன் ஊர்ப் பெயரிலேயே ரகங்கள் கொடுத்த பயிர் அது. விளைகிற ஊரிலேயே அதை விற்றுவிட்டு பிஸ்கட் பாக்கெட் வாங்குவதை என்னவென்று சொல்வது? ஒரு எச்சரிக்கை: 5 வயதுக்குள் முழுப் பருப்பாகக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம்.

குண்டான பிள்ளையை மட்டும் எடைக்காக யாரும் மருத்துவரிடம் கூட்டி வருவதில்லை. இருமலுக்கு வரும்போதுதான் அவனையும் தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.