ஒட்டும் கை

ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. செவ்வாய்க்கிழமை இரவுகளில் அங்கே விங் சுன் வகுப்பு. நான் சேர்ந்ததற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. டோனி யென் நடித்த இப் மேன் படங்கள் நான்கையும் பார்த்து முடித்திருந்தேன், அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து ‘சி சாவ்’ ஆரம்பமானது. கான்டனீஸில் ‘ஒட்டும் கை’ என்று பொருள். இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்டவைத்து உருட்ட வேண்டும். ஒரு கை எதிராளியின் கைமேல் படிந்திருக்கும். அது ‘ஃபூக் சாவ்’. இன்னொரு கை உள்ளங்கையை மேலே காட்டினால் ‘டான் சாவ்’, முழங்கை எழும்பினால் ‘போங் சாவ்’. அவர் அழுத்தினால் வாங்கிக்கொள்ளணும். விலகினால் கூடவே போகணும். கை விடுபட்டால் நேராக உள்ளே நுழையணும். அவ்வளவு நெருக்கத்தில் கண் பார்த்துச் சொல்வதற்குள் அடி விழுந்துவிடும். தோல்தான் முந்திக்கொள்ளும்.

என் ஜோடி, 60 வயதைத் தாண்டிய சீன அங்கிள், பழைய லோரி டிரைவர். கண்ணை மூடிக்கொண்டே என் தோளில் 3 தடவை தட்டிவிட்டார். “ஏன் இவ்ளோ கெராஸ்?” என்று சிரித்தார். இறுகின கை ஒரு கைப்பிடி மாதிரி. அதைத் தள்ளினால் ஆளே நகர்ந்துவிடும்.

சிஃபு தன் கையை என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். தொடவில்லை. அதற்குள் என் முழங்கை இறுகிவிட்டது.

“கேர்ள், நான் இன்னும் தொடவே இல்லை. நீ யாரோட சண்டை போடுற?” என்று மலாயில் கேட்டார்.

யாரோடு என்று எனக்குத் தெரியும். எனக்கு 14 வயது ஆகும்வரை அப்பா கையில் ரோத்தான் இருந்தது. அவர் கை உயர்ந்தால் என் கை தானாக முகத்துக்குப் போகும். ரோத்தான் வீட்டைவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆச்சு. என் கைக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அங்கிளோடு உருட்டினேன். “பெலான் பெலான்” என்பார். வரும் கை எந்தப் பக்கம் அழுத்துகிறது என்று கேட்கப் பழகினேன். பல நாள் பழைய அடிக்கே பதில் சொன்னேன்.

போன ஞாயிறு, கோப்பி குடிக்கும்போது சீனி டப்பாவை எடுக்க அப்பா என் பக்கம் கை நீட்டினார். முழங்கை வழக்கம்போல் இறுகியது. ஆனால் இந்தத் தடவை அது இறுகுவது எனக்குத் தெரிந்தது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அவருடைய மணிக்கட்டு என் கையை உரசிக்கொண்டு போனது. லேசாக நடுங்கும் கை.

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.