தாத்தா போட்ட தோட்டாவும் திமில் மீனும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. பாதி பாடம், பாதி எங்க வீட்டுக் கதை. பாடம் பிடிக்காதவங்க கதையை மட்டும் படிச்சிட்டு ஓடிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

எங்க ஊர் சூளகிரி. கடலுக்கும் எங்களுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட கிடையாது. மீன்னா எங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலையில ரோட்டோரத்துல தார்பாய் விரிச்சு விக்கிற கட்லா, ரோகு, ஜிலேபி. மிஞ்சிப் போனா கே.ஆர்.பி. அணைக்குப் போய் மீன் வறுவல். அப்படிப்பட்ட என் தலையில, ரெண்டாம் வருஷ விலங்கியல் செமினாருக்கு ‘மீன்பிடிப்பும் மரபணுப் பன்மையும்’னு ஒரு தலைப்பைக் கட்டிட்டாங்க. சீட்டுக் குலுக்கல்ல வந்தது, யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

முதல்ல எனக்குத் தோணினது இதுதான். ஒரு மீன் ஆயிரக்கணக்குல, லட்சக்கணக்குல முட்டை போடுது. நாம பிடிக்கிறதால எண்ணிக்கை குறையலாம், ஆனா மிச்சம் இருக்கிறதுலயும் அதே மரபணுதானே இருக்கப் போகுது? திரும்பப் பெருகிட்டா எல்லாம் சரியாயிடாதா?

ஆகாதுங்கிறதுதான் விஷயம். நம்ம பக்கத்து உதாரணமே சொல்றேன். அக்கா பொண்ணைக் கட்டுறது, மாமன் பொண்ணைக் கட்டுறது இங்க சகஜம். ஒரு ஊர்ல பத்தே குடும்பம்தான் இருக்கு, வெளியில யாரும் பொண்ணு குடுக்கிறதில்ல, எடுக்கிறதில்லன்னு வைங்க. நாலு தலைமுறையில எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அந்தப் பத்துக் குடும்பத்துல ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்த ஏதோ ஒரு மரபணு, அவருக்குப் பிள்ளை இல்லாமப் போனா அவரோட போச்சு. அப்புறம் ஊர் பெருகி பத்தாயிரம் பேர் ஆனாலும் அது திரும்ப வராது. தலையை எண்ணினா ஊர் பெரிசு. மரபணுவை எண்ணினா அதே பத்துக் குடும்பம்தான்.

மீன்ல இது இன்னும் மோசம். காரணம், ஒரு ஆத்துல எத்தனை மீன் இருக்குங்கிறது ஒரு கணக்கு, அதுல எத்தனை மீனோட குஞ்சு பிழைச்சு அடுத்த தலைமுறைக்கு வருதுங்கிறது வேற கணக்கு. நியூசிலாந்துல டாஸ்மன் விரிகுடான்னு ஒரு இடம். அங்க பிடிச்ச ஸ்னாப்பர் மீனோட காய்ஞ்ச செதில்களை 1950லேர்ந்து எடுத்து வச்சிருந்தாங்க (எந்தப் புண்ணியவான் யோசனையோ!). அதுலேர்ந்து டி.என்.ஏ. எடுத்து 2002இல் ஒரு ஆய்வு வந்தது. விரிகுடாவுல மீன் பத்து லட்சக்கணக்குல இருந்தது. ஆனா மரபணுக் கணக்குப்படி அது சில நூறு மீன் மட்டும் இருக்கிற கூட்டம் மாதிரி நடந்துக்கிட்டிருந்தது. மீன்பிடிப்பு ஆரம்பிச்ச பிறகு மரபணுப் பன்மையும் இறங்கியிருந்தது.

2014இல் பின்ஸ்கி, பாலும்பின்னு ரெண்டு பேர் சுமார் 140 மீன் இனங்களோட தரவுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட இனங்கள்ல, ஒவ்வொரு மரபணுவுக்கும் இருக்கிற மாற்று வடிவங்களோட எண்ணிக்கை அதன் சொந்தக்கார இனங்களைவிட சராசரியா 12 சதவீதம் குறைவு. இன்னொரு அளவுகோலான கலப்பு நிலை (அதாவது அம்மாகிட்டேர்ந்து ஒரு வடிவம், அப்பாகிட்டேர்ந்து வேற வடிவம்) வெறும் 2 சதவீதம்தான் குறைஞ்சிருந்தது. 2 சதவீதத்தைப் பார்த்துட்டு ‘ஒண்ணும் ஆகல’ன்னு சொல்லிடலாம். ஆனா முதல்ல காணாமப் போறது அபூர்வமான வடிவங்கள். அது போனாலும் இந்த ரெண்டாவது அளவுகோல் அவ்வளவா அசையாது. நாளைக்குப் புதுசா ஒரு நோய், தண்ணி சூடு ஏறுறதுன்னு வந்தா கை குடுக்கிறது அந்த அபூர்வங்கள்ல ஒண்ணாத்தான் இருக்கும்.

இதுக்கு எதிர்சாட்சியும் உண்டு, மறைக்கக் கூடாது. கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் பிடிச்சுப் பிடிச்சே அழிஞ்சு, 1992இல் மீன்பிடியையே நிறுத்தினாங்க. அந்த மீன் இனத்துல 1907, 1940 வருஷத்து மாதிரிகளை இன்னைக்கு இருக்கிற மீனோட ஒப்பிட்டு 2021இல் ஒரு ஆய்வு வந்தது. மரபணுப் பன்மையில பெரிய இழப்பு எதுவும் இல்லை! கடல் பெரிசு. அழிஞ்சது போகவும் அங்க மிச்சம் நிறைய. (நம்ம ஜிலேபியையும் பாருங்க. 1952இல் இந்தியாவுக்கு வந்த வெளியூர் மீன். ஆரம்பத்துல வந்தது கொஞ்சம்தான். ஆனா இன்னைக்கு எந்த ஏரியில இல்ல?) அதனால எல்லா மீனுக்கும் ஒரே கதைன்னு சொல்ல முடியாது. ஆறு வேற. ஆத்து மீனுக்கு ஓடி ஒளிய இடம் கிடையாது.

அப்பதான் நம்ம பக்கத்து மீன் ஏதாவது சிக்குமான்னு தேடினேன். சிக்கினது சாதாரண மீன் இல்ல, மாசீர்.

கெண்டைக் குடும்பத்து மீன்தான், ஆனா அளவு நம்ப முடியாது. 1946இல் கபினி ஆத்துல வான் இங்கன்ங்கிற மைசூர்க்காரர் தூண்டில்ல பிடிச்சது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. காவிரியில இருக்கிற இந்த மாசீருக்கு முதுகுல, நம்ம மாட்டுத் திமில் மாதிரி, ஒரு மேடு இருக்கும். துடுப்பு செம்மஞ்சள் நிறம். உலகத்துலயே காவிரியிலயும் அதோட கிளை ஆறுகள்லயும் மட்டும்தான் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து ஊர் ஊரா வந்து பிடிச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ஆனா இதுக்கு அறிவியல் பெயர் என்னன்னு ஒரு முடிவு 2018இல்தான் வந்தது. கேரளாவுல பாம்பாத்துல (நம்ம அமராவதியில கலக்கிற ஆறு) கிடைச்ச ஒரு சின்ன மாசீருக்கு, சென்னையில இருந்த விலங்கியல் ஆய்வாளர் ரெமாதேவியைக் கௌரவிச்சு ‘டோர் ரெமாதேவி’ன்னு ஏற்கெனவே பேர் வச்சிருந்தாங்க. காவிரியோட திமில் மாசீரும் அதுவும் ஒண்ணுதான்னு டி.என்.ஏ. காட்டிக் குடுத்தது. பேர் உறுதியான அதே வருஷம் ‘மிக அபாய நிலை’ பட்டியல்லயும் சேர்ந்தது. பேர் வைக்கவும் சாகவும் ஒரே நேரம்.

கர்நாடகா பக்கம் கலிபோரெங்கிற இடத்துல தூண்டில் போடுறவங்களுக்கு ஒரு முகாம் இருந்தது. பிடிச்சு, எடை பார்த்து, திரும்ப விட்டுடணும். அங்க எழுதி வச்ச கணக்கு 1998லேர்ந்து 2012 வரைக்கும் இருக்கு, ஆறாயிரத்துக்கு மேல மாசீர். அதைப் பார்த்தா முதல்ல சந்தோஷமாத்தான் இருக்கும். வருஷா வருஷம் கிடைக்கிற மீன் எண்ணிக்கை ஏறுது. ஆனா எடை குறையுது. இனம் பிரிச்சுப் பார்த்தா ஏறினது வேற மாசீர், நீலத் துடுப்பு மாசீர். இது 1970கள்லேர்ந்து மகாராஷ்டிரா லோனாவ்லாவுல டாடா மின் நிறுவனம் நடத்தின பொரிப்பகத்துல குஞ்சு பொரிச்சு, நல்லெண்ணத்தோட நாடு முழுக்க ஆறுகள்ல விட்ட இனம். காவிரியோட சொந்த மீன் அந்தக் கணக்குலயே கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு கிட்டத்தட்ட காணாமப் போயிடுச்சு. ‘ஆத்துல மாசீர் நிறைய இருக்கே’ன்னு சொல்லிக்கிட்டே ஒரு இனத்தைத் தொலைச்சிருக்கோம்.

(பொரிப்பகம்னதும் ஞாபகம் வருது. ஏரி ஏலம் எடுக்கிறவங்க ‘போன தடவை விட்ட கட்லா குஞ்சு ஏறவே இல்லப்பா’ன்னு புலம்புவாங்க. தண்ணி, தீவனம்னு அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனா கர்நாடகாவுல பொரிப்பகங்களை ஆராஞ்சு 1990இல் வந்த ஒரு கட்டுரை, கொஞ்சமே கொஞ்சம் தாய்மீன்களை வச்சு திரும்பத் திரும்பப் பொரிச்சதால உறவுக்குள்ள கலப்பு வருஷத்துக்கு 2லேர்ந்து 17 சதவீதம் வரை ஏறுதுன்னு கணக்குப் போட்டது. 1992இல் புவனேஸ்வரத்துல நல்ல ரோகு உருவாக்கணும்னு கிளம்பினப்போ கங்கை, யமுனை, பிரம்மபுத்திரான்னு ஆறு ஆறாப் போய்தான் மீன் பிடிச்சுட்டு வந்தாங்க. ‘ஜெயந்தி ரோகு’ அப்படி வந்ததுதான். ஆத்துல இருந்ததால எடுக்க முடிஞ்சது.)

சரி, கதைக்கு வர்றேன்.

எங்க தாத்தா இளவட்டமா இருந்தப்போ கல்லு குவாரியில வேலை. குவாரின்னா தோட்டா இருக்கும். எழுபதுகள் கடைசியில அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியா ராசிமணல் பக்கம் காவிரிக்கு அஞ்சாறு பேரா போவாங்களாம். மடுவுல தோட்டா. மிதக்கிறதைப் பொறுக்கிக்கிட்டு வந்து ஊருக்கே பங்கு. சின்ன வயசுல நான் தூங்கறதுக்கே இந்தக் கதை வேணும். ‘ரெண்டு ஆளு மூங்கில்ல கட்டித் தூக்கிட்டு வந்தோம், வாலு தரையில இழுபட்டுச்சு’ம்பார். ரஜினி படம் மாதிரி கேட்டுக்கிட்டு இருப்பேன்.

செமினாருக்கு முதல் நாள் ராத்திரி, செல்போன்ல அந்தத் திமில் மீன் படத்தைக் காட்டினேன்.

“தாத்தா, நீங்க புடிச்சது இதுவா பாருங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இதேதான் சாமி. துடுப்பு நெருப்பு மாதிரி இருக்கும்”னார். அப்புறம் தானாவே, “அதுக்கு வயிறு பூரா சினை. உங்க பாட்டி ஒரு குண்டான் நிறைய வறுத்தா”ன்னார்.

எனக்கு அந்த இடத்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அன்னைக்கு மத்தியானம்தான் எழுதி வச்சிருந்தேன்: பெரிய பெண் மீன் ஒண்ணு, அதே எடைக்குச் சமமான பல சின்ன மீன்களைவிட அதிக முட்டை போடும். அத்தனை வருஷம் பிழைச்சு வந்த உடம்பு அது. 2002இல் அமெரிக்காவுல கொனோவர், மன்ச்னு ரெண்டு பேர் தொட்டியில ஒரு சின்ன கடல் மீனை வளர்த்து, ஒரு கூட்டத்துல ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய மீன்களையே எடுத்தாங்க, இன்னொரு கூட்டத்துல சின்னதுகளை எடுத்தாங்க. நாலே தலைமுறை. சின்னதை எடுத்த கூட்டத்துல கிடைச்ச மொத்த எடை, பெரிசை எடுத்த கூட்டத்தைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. தூண்டிலும் வலையும் பெரிசைப் பார்த்துப் பிடிக்கும். தோட்டா இன்னும் கொடுமை, அது எதையும் பார்க்காது. பெரிசு, சிறுசு, குஞ்சு எல்லாம் போகும், பாதி அடியில முங்கிக் கைக்கே வராது.

எல்லாத்தையும் தாத்தாகிட்ட சொன்னேன். பத்துக் குடும்பம் கதையையும். அமைதியா கேட்டார்.

“நான் போட்ட தோட்டாவுலயாடா போச்சு?”

இல்லன்னு சொல்லத்தான் வாய் வந்தது. கண்ணம்பாடியும் மேட்டூரும் ஆத்தை எப்பவோ தடுத்துடுச்சு, மணல் அள்ளினாங்க, வெளி மீனை விட்டாங்க, நீங்க நாலு தடவை போனதுல என்னன்னு சொன்னேன். அது எல்லாமே உண்மைதான். ஆனா மேட்டூர் அணை 1934லேர்ந்து இருக்கு, அதுக்கப்புறமும் அந்த மீன் இருந்ததாலதானே தாத்தா மூங்கில்ல கட்டித் தூக்கிட்டு வந்தார். அவரை மாதிரி எத்தனை குவாரியில எத்தனை பேர் போயிருப்பாங்க? இதையும் சொல்லிட்டேன். சொல்லாம விட்டிருக்கலாமோன்னு இன்னைக்கு வரைக்கும் இருக்கு.

“இப்ப எங்கயாச்சும் இருக்கா?”

“மோயாத்துல இருக்கு தாத்தா. நீலகிரி அடிவாரம். புலிக்காடு, அதனால தப்பிச்சிருக்கு.”

“ராசிமணல்ல?”

அந்தப் பக்கம் இப்ப சரணாலயம். காவிரி வடக்கு 2014இல் அறிவிச்சாங்க, தெற்கு 2022இல். நினைச்ச நேரத்துக்குப் போயிட முடியாது, வனத்துறை அனுமதி வேணும்னு சொன்னேன். தாத்தா கண்ணாடியைக் கழட்டி வேட்டியில துடைச்சார்.

“அனுமதி வாங்க என்னென்ன காயிதம் வேணும்னு கேட்டு வை. சும்மா கரையில உக்காந்துட்டு வந்துடலாம்.”

செமினார் நல்லாத்தான் போச்சு. கேள்வி நேரத்துல ஒரே ஒரு கேள்வி, ஜிலேபி சாப்பிட்டா உடம்புக்குக் கெடுதலான்னு. :-)

பரீட்சை முடிஞ்சதும் வன அலுவலகத்துக்குப் போகணும். அஞ்செட்டி பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தா, பஸ் நேரம் மட்டும் சொல்லுங்க.