காய்ச்சல் என்று ஒரு கடிதம்

பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகள் நாட்குறிப்பேடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர். சீருடை, தலைமுடி, காலை வழிபாட்டுக்கு வந்து சேர வேண்டிய நேரம், விடுமுறை விண்ணப்பம் என்று பள்ளியின் விதிகள் அதன் முதற் பக்கங்களில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைப் படியாமலே அடியில் கையொப்பமிடும் பெற்றோரே நம்மில் மிகுதி. விதிகள் பிள்ளைக்கு, கையொப்பம் மட்டுமே நமக்கு என்பது நம் எண்ணம். ஆனால் அவ்விதிகளுள் பாதி நம்மை நோக்கி எழுதப்பட்டவை. ஆறாம் வகுப்புப் பிள்ளை தானாக விடுப்பு எடுப்பதில்லை. நாம்தான் எடுத்துக் கொடுக்கிறோம்.

நம் பகுதிக் குடும்பங்களின் இடர்ப்பாடுகளை நாம் அறியாமல் இதனைக் கூறவில்லை. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் படைத்தளவாடத் தொழிற்சாலைகளும் எழுந்த நாள் முதல் இங்கே வீடுகள் ஷிப்டு மணிக்கேற்பவே விழித்தும் உறங்கியும் வருகின்றன. இரவு வேலை முடித்துத் தந்தை வந்து படுக்கும் நேரமும் பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் நேரமும் ஒன்றே. பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாக மெட்ரோ இரயில் பணி நடந்த ஆண்டுகளில், எவ்வளவு முன்னரே புறப்பட்டாலும் பேருந்து எப்போது போய்ச் சேரும் என்று எவரும் உறுதி கூற இயலவில்லை. பத்து நிமிடத் தாமதத்துக்காகக் கதவை அடைத்துப் பிள்ளையை வெயிலில் நிறுத்துவது எப்பள்ளி செய்தாலும் முறையன்று என்பதே நம் கருத்து. ஆயினும் தாமதம் வேறு, பொய் வேறு.

ஆகஸ்ட் 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்புப் பெருவிழா. சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் காவியுடுத்திக் கால்நடையாகவே கடப்போரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வேறு பலர் பேருந்திலும் இரயிலிலும் குடும்பத்தோடு செல்கின்றனர். காலாண்டுத் தேர்வும் அம்மாதத்திலேயே வருகிறது. பள்ளி விடுப்புத் தராதோ என்று அஞ்சி, திரும்பி வந்ததும், "என் மகனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தமையால்" என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிடுகிறோம். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் கடிதத்தோடு வரும் பிள்ளைகளில் சிலர் மொட்டைத் தலையோடும் வருகின்றனர் என்று நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் சிரித்துக்கொண்டே கூறினார். பின்பு சிரிப்பு அடங்கி, "கடிதத்தை நீட்டும்போது சில பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பதில்லை" என்றார். நேர்ச்சையை நிறைவேற்றிய கையோடு எழுதப்படும் பொய் அது. எழுதியவர் தாயோ தந்தையோ. எடுத்துச் செல்பவனோ சிறுவன்.

முற்காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் விடும்போதே, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்று பெரியவர்கள் ஆசிரியரிடம் சொல்லிச் செல்வதுண்டு. ஒழுங்கை முழுவதும் பிரம்பிடம் ஒப்படைத்துவிட்டு வீடு ஓய்ந்திருந்த காலம் அது. 2003-இல் தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் திருத்தப்பட்டு உடலையும் உள்ளத்தையும் வருத்தும் தண்டனை விலக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் அதனை நாடு முழுவதற்கும் தடைசெய்தது. நல்லதே நடந்தது. பிரம்பு போன பின்பு, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே எஞ்சி நிற்பது சொல் ஒன்றுதான்: நாட்குறிப்பேட்டில் ஆசிரியர் எழுதும் இரண்டு வரியும், நாம் எழுதும் இரண்டு வரியும். அந்த இரண்டு வரியையும் பொய்யாக்கிவிட்டு, "பள்ளியில் கண்டிப்பே இல்லை" என்று நாம் குறைகூறுவது எங்ஙனம் பொருந்தும்?

அயல்நாட்டில் இதற்குத் தண்டம் உண்டு. இங்கிலாந்தில் ஒரு தந்தை 2015-இல், பள்ளி இசைவு தராத நிலையிலும், தம் மகளை ஏழு பள்ளி நாள்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துச் சென்றார். 60 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்ததால் 120 ஆயிற்று. கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. ஆனால், ஒழுங்காகப் பள்ளிக்கு வருதல் என்றால் அப்பள்ளியின் விதிப்படி வருதலே ஆகும் என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்று கூறவேண்டும்: அவர் காய்ச்சல் என்று எழுதவில்லை. நம் கல்வி உரிமைச் சட்டமோ பெற்றோர்க்கு அபராதம் எதையும் விதிக்கவில்லை. மத்திய வாரியப் பள்ளிகளில் பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதி உண்டு. எஞ்சிய 25-ஐத் தமக்குரிய பங்காகக் கணக்கிடும் பெற்றோரும் உளர்!

பள்ளிகளுக்கும் ஒரு சொல். பொய்க் கடிதத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு, மெய்க் கடிதம் கொண்டுவந்த பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்திக் கடிந்தால், மறு ஆண்டு அப்பிள்ளைக்கும் காய்ச்சல்தான் வரும்.

நம் அன்பியத்தைச் சேர்ந்த குடும்பம் ஒன்று, பயணத்துக்கு ஒரு வாரம் முன்னரே, "பாட்டியின் நேர்ச்சைக்காக வேளாங்கண்ணி செல்கிறோம், நான்கு நாள் விடுப்பு வேண்டும்" என்று உள்ளபடியே எழுதியது. தலைமையாசிரியை இரண்டு நாள் தந்தார். விடுபட்ட பாடங்களைப் பையன் எழுதி முடித்துக் காட்டவேண்டும் என்றார். சனி ஞாயிறையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் சென்று வந்தனர். கொடியேற்றம் காணக் கிடைக்கவில்லை என்று பாட்டிக்கு இன்னமும் சற்று மனத்தாங்கல்.